செவ்வாய்க்கிழமை நூல்

பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததும் மற்றவர்கள் போனை எடுப்பார்கள். அவர் கைப்பையிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுப்பார். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற அதே வெள்ளை நூல்தான். சாலையோரத்தில் கிலோமீட்டர் கல் ஒன்று தெரிந்ததும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, உதடு அசையாமல் மனதுக்குள் எண்ணத் தொடங்குவார். ஐந்து எண்ணினால் ஒரு விரற்கடை நூல் அவர் விரல்களுக்கு நடுவே நழுவும். அடுத்த கல் வந்ததும் அடுத்த முடிச்சு. வண்டி வேகமாகப் போயிருந்தால் இரண்டு முடிச்சுக்கும் இடையே நூல் குறைவாக இருக்கும். மெதுவாகப் போயிருந்தால் அதிகமாக இருக்கும். நிறுத்தத்தில் வண்டி நின்றால் அவர் எண்ணிக்கையும் நின்றுவிடும். சிதம்பரம் போய்ச் சேரும்போது அன்றைய பயணம் முழுவதும் நூலாக அவர் மடியில் சுருண்டு கிடக்கும். அதை ஓர் அட்டையில் சுற்றி, மேலே தேதி எழுதி, பைக்குள் போட்டுக்கொண்டு இறங்குவார்.

நானும் அவரும் ஏறுவது கடலூர் முதுநகரில். எனக்கு அண்ணாமலை நகரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அவருக்கு அங்கேயே ஒரு கடையில் மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போடுகிற வேலை. ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், கழுத்தில் சிறிய சிலுவை. கண்டக்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் முடிச்சக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னைக் கடைசி வரை சார் என்றே கூப்பிட்டார்.

பேருந்து மட்டும் என்றில்லை. பால் பொங்க எத்தனை எண்ணம், பிரசங்கம் செய்கிற சாமியார் எத்தனை எண்ணத்துக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு கேள்வி கேட்டால் பதில் எத்தனை எண்ணத்தில் வருகிறது என்பதையும் பார்ப்பார். அதுதான் எங்களுக்குக் கொஞ்சம் கலக்கம் தரும். ஒருமுறை கண்டக்டரிடம், "நேத்து ஏம்பா வரல?" என்று கேட்டார்.

"ஜொரம்க்கா."

"மூணு எண்ணம் ஆச்சு. ஜொரம்னா ஒண்ணுலயே வந்துடும்."

கண்டக்டர் தலையைச் சொறிந்தான். "பொண்ணு பாக்கப் போனேன்க்கா. வெளிய சொல்லிடாதீங்க."

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். நம்மை இப்படிப் பிடிக்க முடியாது என்ற நினைப்பு எனக்கு. கோப்புகளோடு இருபது வருடம் குப்பை கொட்டியவன். 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் ஆறு மாதம் ஆறப்போடத் தெரிந்தவன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று மற்றவர்களுக்குச் சொல்வேனே தவிர, என் மேசையில் இருப்பதெல்லாம் பழங்கஞ்சிதான்.

நூல் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு நாள் வண்டி பஞ்சரானபோது தெரிந்தது. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் எல்லோரும் இறங்கி நின்றோம். எங்களோடு தினமும் வருகிற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் உண்டு. தனியார் கல்லூரிக்காரர், நல்ல வாயாடி, பேச்சில் ஆங்கிலத்தை அள்ளித் தெளிப்பார். அன்றைக்கும், "இவ்ளோ நேரம் அட் எ ரேட் ஆஃப் நாட்ஸ் வந்தோம். இப்ப பாருங்க, புளியமரத்த எண்ணிக்கிட்டு நிக்கறோம்" என்றார்.

"அந்த நாட்ஸ்னா என்னா சார்?" என்று முடிச்சக்கா கேட்டார்.

"ரொம்ப வேகமான்னு அர்த்தம்க்கா."

"அர்த்தம் தெரியும். நாட்டுன்னா முடிச்சுதானே? முடிச்சுக்கும் வேகத்துக்கும் என்னா சம்பந்தம்னு கேட்டேன்."

அவர் நூல் நுனியை எடுத்துப் பேராசிரியர் கையில் கொடுத்து, "இத புடிங்க. நீங்கதான் கட்டை. அசையக் கூடாது" என்றார். என்னைப் பார்த்து, "சார், நீங்க இருபத்தெட்டு வரைக்கும் எண்ணுங்க" என்றார். நான் எண்ண எண்ண, உருண்டையிலிருந்து நூலை விட்டபடியே சாலையோரமாக விறுவிறுவென்று நடந்தார். இருபத்தெட்டு என்றதும் நின்று, நூலை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பினார். பேராசிரியர் கட்டை போலவே நின்றுகொண்டிருந்தார்.

பாய்க்கப்பல் காலத்தில் வேகத்தைக் காட்ட முள் கிடையாது. கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒரு கட்டையைக் கடலில் போடுவார்கள். கட்டை போட்ட இடத்திலேயே மிதந்து நிற்கும். கப்பல் அதை விட்டு விலகி ஓடும். கட்டையில் கட்டிய கயிற்றில் நாற்பத்தேழு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு முடிச்சு. ஒருவன் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடிப்பான், இருபத்தெட்டு விநாடியில் மணல் இறங்கிவிடும். அதற்குள் எத்தனை முடிச்சு கை வழியாக ஓடுகிறதோ, அதுதான் கப்பலின் வேகம். அதைக் குறித்து வைத்த புத்தகத்துக்குக் கட்டையின் ஆங்கிலப் பெயரையே, லாக் என்று, வைத்தார்கள். நம் வண்டிகளில் இருக்கும் லாக் புக் அதன் பேரப்பிள்ளைதான். இதையெல்லாம் அவருக்குச் சொன்னவர் அவருடைய அப்பா. ஆழக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருகிற படகில், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்.

"ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா சார்?" என்று பேராசிரியரிடம் கேட்டார். "பத்து நாட்டு, பன்னெண்டு நாட்டுன்னாதான் கணக்கு. ரேட் ஆஃப் நாட்ஸ்னு சும்மா சொன்னா அதுல நம்பரே இல்ல. கயிறு கைய அறுத்துக்கிட்டு ஓடுது, எண்ண முடியலன்னு அர்த்தம். நம்பர் இல்லாத வேகம் அது."

"முப்பது வருஷமா இங்கிலீஷ் சொல்லித் தரேன். எனக்கு இது தோணவே இல்லையே!" என்று பேராசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வழக்கம்போல் கிண்டல். "இப்பதான் போன்லயே வேகம் தெரியுதேக்கா, இன்னும் எதுக்கு நூலு?"

"போன் வேகத்தச் சொல்லும். வேகம் மாறுனா ஏன்னு யாரு கேக்குறது? காத்தும் மாறல, பாயும் மாறல, முடிச்சு மட்டும் கொறையுதுன்னா அடியில தண்ணி ஏறுதுன்னு எங்க அப்பா சொல்வாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதைச் சொன்னபோது அவர் பார்த்தது பேராசிரியரை அல்ல. சக்கரம் மாற்றுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த டிரைவரை.

அந்த டிரைவர் என் மச்சான். என் தங்கையின் கணவர்.

எங்கள் தடத்தில் பின்னால் வருகிற வண்டிக்கும் எங்களுக்கும் ஒன்பது நிமிடம்தான் இடைவெளி. தாமதித்தால் நம் ஆட்களை அவன் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அதனால் மச்சான் ஓட்டுகிற ஓட்டத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்தவர்கள் சிதம்பரத்தில்தான் விடுவார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு நெற்றி நிறைய விபூதியோடு வருவார். ஹாரன் குறைவு. யாரையும் வாடா போடா என்பதில்லை. புதுச்சத்திரம் தாண்டினால் வண்டி மிதந்து போவது போல நிதானமாகப் போகும். பயந்தவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்கள், எல்லோரும் செவ்வாய்க்கிழமை எங்கள் வண்டிக்குக் காத்திருந்து ஏறினார்கள். பேராசிரியர் விடைத்தாள் திருத்துவதையே அந்த நாளுக்கு வைத்துக்கொண்டார். "இந்த ஒரு நாள்தான் சிவப்பு மை கோடு நேரா விழுது" என்பார்.

எல்லோரும் நிம்மதியாக இருந்த அந்த நாளில்தான் முடிச்சக்கா நிம்மதியில்லாமல் இருந்தார். புதுச்சத்திரம் வந்ததும் நூலை விட்டபடியே டிரைவரின் பின்னந்தலையைப் பார்க்கத் தொடங்குவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிதம்பரம் பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின். உள்ளே தேதி போட்ட அட்டைகள். அவற்றிலிருந்து ஆறு நூல்களை அவிழ்த்து, புதுச்சத்திரத்திலிருந்து பெரியப்பட்டு வரைக்குமான பகுதியை மட்டும் சிமெண்டு பெஞ்சில் வரிசையாக நீட்டி வைத்தார்.

"பாருங்க சார். திங்கள், புதன், வியாழன். எல்லா முடிச்சும் ஒரு சாணு, அரை விரல் அப்படி இப்படி. இது ரெண்டு வாரத்துக்கு முந்தின செவ்வா. ஒண்ணரைச் சாணு, அப்பறம் முக்கால் சாணு, திரும்ப ஒண்ணரை. இது அதுக்கு முந்தின வாரத்துச் செவ்வா. இது அதுக்கும் முந்தி. எல்லாம் ஒரே எடம்."

"நிதானமா ஓட்டுறாருக்கா. நல்லதுதானே?"

"நிதானம்னா நூலு சமமா இருக்கும். இது நிதானம் இல்ல. கால் தானா தளருது. திடீர்னு முழிச்சிக்கிட்டு அழுத்துறாரு. அப்பறம் திரும்பத் தளருது." நூலின் மேல் விரலை வைத்தபடியே என்னைப் பார்த்தார். "எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. உங்க மச்சானுக்குச் செவ்வாக்கெழம விரதமா சார்? ஒடம்புக்கு ஏதாவது மாத்திர சாப்புடுறாரா?"

எனக்குப் பதில் தெரியும். மச்சான் மகளுக்கு ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். மூன்று வரன் தட்டிப்போனது. அவள் சென்னையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள், பட்டினி கிடக்க முடியாது என்று அப்பாவே அவளுக்காக விரதம் இருந்தார். சாயங்காலம் கோயிலுக்குப் போய் வருகிற வரை பச்சைத் தண்ணீர் மட்டும். ஆனால் அவருக்குச் சர்க்கரை இருந்தது. அந்த மாத்திரையை மட்டும் காலையில் தவறாமல் போட்டுவிடுவார். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். "சோத்துக்குத்தான் மச்சான் விரதம். மாத்திரைக்கு என்னா விரதம்?" என்று என்னிடமே சிரித்தார். சர்க்கரை இருப்பது முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் லைன் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார். அப்போது பேச்சில் இருந்த நாலாவது வரன் வீட்டுக்கும் தெரியாது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

அவர் நூல்களை ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கினார். ஆறாவது நூலைச் சுற்றி முடித்த பிறகு, "அஞ்சு எண்ணம் ஆச்சு சார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னவனுக்கு வருகிற கோபம். "ஊர்ல இருக்குற டிரைவரையெல்லாம் நூல் போட்டு அளந்தா அவுங்க எப்படிப் பொழைக்கிறது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் டின்னை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். கண்டக்டரிடமும் கம்பெனியின் புக்கிங் ஆபீசிலும் அவர் ஏற்கெனவே இந்த நூல்களைக் காட்டியிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அங்கே சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். பேராசிரியரிடமும், "செவ்வாக்கெழம வேற வண்டி பாருங்க சார்" என்று சொல்லியிருக்கிறார். "அன்னிக்கு ஒரு நாள்தான்க்கா உயிர்ப் பயம் இல்லாம வர்றேன்" என்றாராம் அவர்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். மச்சான் வண்டிக்குப் போயிருந்தார். சுற்றி வளைத்துப் பேச்சை எடுத்தேன்.

"செவ்வாக்கெழம காலையில அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லும்மா. இல்லன்னா நாலு இட்லியாவது சாப்புடச் சொல்லு."

"நான் சொல்லலியா அண்ணா? சாமி விஷயத்துல அவுரு யார் பேச்சயும் கேக்க மாட்டாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? வண்டி ஓட்டயில முருகன் பக்கத்துல வந்து ஒக்காந்த மாதிரி இருக்குதாம். ஒடம்பே லேசா ஆயிடுதாம். வேர்த்துக் கொட்டுதாம், ரோடு வெள்ளையாத் தெரியுதாம். இந்த வரன் கண்டிப்பா கூடி வரும்ங்கறாரு."

எங்கள் ஆபீசில் ஒருவர் சர்க்கரை இறங்கி, இதே மாதிரி வேர்த்துக் கொட்டி, என் மேசைக்குப் பக்கத்தில் சரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போதே கம்பெனிக்குப் போன் போட்டிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மச்சானின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டே வாரம். நிச்சயம் முடிஞ்சிடட்டும்ணா. அதுவரைக்கும் வெளிய எதுவும் சொல்லிடாத."

பார்க்கலாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை. முதுநகர் நிறுத்தத்தில் வழக்கமான நேரத்துக்கு நின்றேன். முடிச்சக்காவும் நின்றார். வண்டி வந்தது. மச்சான் நெற்றி நிறைய விபூதியோடு என்னைப் பார்த்துச் சிரித்து, ஏறு என்று தலையசைத்தார். இரண்டாவது ஜன்னலில் பேராசிரியர் மடியில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்து, "வாங்க சார், எடம் போட்டு வச்சிருக்கேன்" என்று கைகாட்டினார். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஏறினாள். எல்லோரும் ஏறினார்கள்.

நான் ஏறவில்லை. அப்படித் திட்டம் போட்டு வரவில்லை. படிக்கட்டு எதிரே இருந்தது. கால் எழவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன். கண்டக்டர் விசில் அடித்தான், வண்டி போய்விட்டது.

நிமிர்ந்தபோது முடிச்சக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏறாததில் வியப்பில்லை. இரண்டு வாரமாகவே செவ்வாயன்று அவர் அடுத்த வண்டியில்தான் போனார். நானும் ஏறாமல் நின்றதைத்தான் அவர் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப ஏதோ இருக்குது" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன்.

"கண்டக்டருக்குப் போன் போடுங்க சார். இப்பவே."

கண்டக்டர் நம்பர் என்னிடம் இல்லை. கம்பெனிக்குப் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மச்சான் நம்பருக்குப் போட்டேன். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார், அதில் மட்டும் ஒழுக்கமான ஆள். பேராசிரியருக்குப் போட்டேன். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. விடைத்தாள் திருத்தும்போது போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார். தங்கைக்குப் போட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள், கண்டக்டர் நம்பர் அவளிடமும் இல்லை.

ஒன்பது நிமிடத்தில் அடுத்த வண்டி வந்தது. டிரைவர் பக்கத்தில் போய், "அண்ணா, முன்னாடி போற வண்டியப் புடிங்க, அந்த டிரைவருக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன். போட்டி வண்டிக்காரன். சந்தேகமாகப் பார்த்தான், ஆனாலும் அழுத்தினான். அன்றைக்கு நாங்கள் போன வேகம் என்ன என்று எனக்குத் தெரியாது. முடிச்சக்கா பக்கத்தில் நின்றிருந்தார். நூலை எடுக்கவே இல்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார்.

புதுச்சத்திரம் தாண்டி மூன்றாவது கல்லில் கூட்டம் தெரிந்தது.

வண்டி வேகமாகப் போகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மெதுவாக, யாரோ தள்ளிக்கொண்டு போவது போல, இடது பக்கம் இறங்கி வாய்க்கால் கட்டையில் முட்டிச் சரிந்ததாம். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. பலருக்குக் கை கால் அடி. மச்சான் வேர்த்து நனைந்து ஸ்டியரிங்கில் கவிழ்ந்திருந்தார், யாரோ வாயில் இனிப்புச் சோடாவை ஊற்றியதும் கண் திறந்து "என்னா ஆச்சு?" என்று கேட்டாராம். வண்டி சாய்ந்த பக்கத்து இரண்டாவது ஜன்னலில் இருந்தவர் மட்டும் பிழைக்கவில்லை. பேராசிரியரை மரத்தடியில் படுக்க வைத்திருந்தார்கள். வாய்க்கால் தண்ணீரில் விடைத்தாள்கள் மிதந்தன. முடிச்சக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் வேறு நேர வண்டியில் போனேன். மச்சானின் லைசென்ஸ் போனது. அந்த வரனும் போனது. தங்கை என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சொன்னதற்காகவா, சொல்லாததற்காகவா என்று அவளுக்கே தெரியாது. இரவெல்லாம் ஒரு யோசனை என்னைத் தின்றது. முடிச்சக்காவுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் தான் மட்டும் வேறு வண்டியில் போனார். பழியைப் பங்கு போட ஓர் ஆள் கிடைத்ததில் எனக்குள் ஒரு தைரியம் வந்தது. நேராக அந்த பைண்டிங் கடைக்குப் போனேன்.

அவர் ஓர் ஆய்வேட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார். மேசையில் பிஸ்கட் டின் இல்லை. கையில் கடிகாரமும் இல்லை.

"ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே? இன்னும் உரக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

ஊசியைக் கீழே வைத்தார். "எனக்கு நூலு மட்டும்தான் சார் தெரியும். விரதம் தெரியாது, மாத்திர தெரியாது. நூலக் காட்டுனா சிரிக்கிறாங்க. காரணத்தச் சொன்னாத்தான் வண்டிய நிறுத்துவாங்க. அது தெரிஞ்சவரு ஒருத்தருதான். அவருகிட்டதான் நான் வந்து கேட்டேன்."

வெளியே மாணவர்கள் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"இப்பவும் கேக்குறேன்" என்றார். "அன்னிக்கு நான் கேட்டப்ப, விரதம்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

அவர் ஊசியை எடுத்து மறுபடியும் தைக்கத் தொடங்கினார்.

"இப்ப ஒடனே வருது" என்றார்.